கார்த்திகையில் பிறந்தவளுக்கு

அன்புள்ள கயல்,

உன் செய்தி கிடைத்தது. மூன்று அழுகை முகம், ஒரு கோப முகம், நடுவில் "மாமா, அப்பாகிட்ட நீங்களாவது சொல்லுங்க" என்று ஒரே ஒரு வரி. என்ன சொல்ல வேண்டும் என்பதை உன் அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பிறந்தநாளுக்கு எல்லாரும் ஏலகிரி போய் டென்ட் போட்டு ஓர் இரவு தங்குவது என்று ஆடி மாதமே பேசி முடிவாகிவிட்டதாம். இப்போது மழைச் செய்தியைப் பார்த்துவிட்டு, வேலூரிலேயே ஏதாவது ஓட்டலில் கேக் வெட்டிக்கொள்ளலாம் என்கிறாராம் உன் அப்பா. அவரிடம் பேசுகிறேன். ஆனால் அவரைவிட உன்னிடம் சொல்ல வேண்டியது அதிகம் இருக்கிறது.

முதலில் ஒன்று. நீ பிறந்தது கார்த்திகையில். தமிழ்நாட்டில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் வருகிறது. அந்த மூன்று மாதத்தின் நட்டநடுவில் பிறந்துவிட்டு, நட்சத்திரம் பார்த்தபடி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடுவதாகக் கனவு கண்டால், மழைமீது பழி போட்டுப் பயனில்லை. மழையில் ஒரு பிறந்தநாள் என்றே திட்டம் போடு. சாப்பாடு, விளையாட்டு, படுக்கை, கேக் எல்லாம் மழை பெய்தால் எப்படி நடக்குமோ அப்படியே தீர்மானித்து வை. அன்றைக்கு வானம் வெளுத்தால் லாபம். பெரும்பாலான வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வெயிலுக்கு ஒரு திட்டம் போட்டு, "மழை வந்தா பாத்துக்கலாம்" என்பார்கள். மழை வந்த பிறகு யாரும் எதையும் பார்த்துக்கொள்வதில்லை. ஆளாளுக்குச் சண்டைதான் போட்டுக்கொள்வார்கள்.

இனி, எந்த மழை என்று பார்ப்போம். வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை என்கிறது. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. 21-ம் அதற்கு மேலும் அதிகனமழை. "மழைக்கு வாய்ப்பு" என்று செய்தியில் கேட்டதும் உன் அப்பா பயணத்தை நிறுத்த வேண்டியதும் இல்லை, "வெறும் மழைதானே" என்று நீ மறுக்க வேண்டியதும் இல்லை. மாவட்டவாரியாக நிறம் போட்டுச் சொல்கிறார்களே, அதைப் பார். ஏலகிரி இருப்பது திருப்பத்தூர் மாவட்டத்தில். வேலூருக்குச் சொன்னதை வைத்து முடிவெடுக்காதே. பச்சை என்றால் தாராளமாகப் போகலாம். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்கச் சொல்கிறார்கள் என்று பொருள். மலைக்குப் போகலாம், ஆனால் படுப்பது அறைக்குள்தான், கூடாரத்தில் வேண்டாம். ஆரஞ்சோ சிவப்போ என்றால் வீட்டைவிட்டே கிளம்பக் கூடாது.

புயல் வந்தால் கடற்கரைக்காரர்களுக்குத்தானே, நமக்கென்ன என்று உன் தம்பி கேட்பான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கரை கடந்ததும் அதன் வேலை முடியவில்லை. வலுவிழந்து உள்ளே நகர்ந்து, டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. வரைபடத்தை விரித்து ஊத்தங்கரை கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, ஏலகிரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று நீயே பார். அதே புயல் மழையில்தான் திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண் இறங்கி வீடுகளை மூடியதில் ஏழு பேர் இறந்தார்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று தமிழகக் கரையை நோக்கி வருகிறது என்றால், பெட்டியைக் கட்டியிருந்தாலும் அவிழ்த்துவிட வேண்டியதுதான்.

இங்கேதான் உன் பொறுப்பு வருகிறது. பிறந்தநாள் என்பதாலேயே பெரியவர்கள் தப்பான முடிவு எடுப்பார்கள், கயல். சாதாரண நாளில் மலைப்பாதையில் பாதி வழியில் பனிமூட்டம் கண்ணை மறைத்தால் உன் அப்பா வண்டியைத் திருப்பிவிடுவார். பின் சீட்டில் நீ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் திருப்பமாட்டார். "பாவம், குழந்தை ஆசைப்பட்டுச்சு" என்று இன்னும் இரண்டு வளைவு ஏறுவார். சாரணர் பிள்ளைகளோடு முகாம் போகிற காலத்தில் பெற்றோர்களிடம் நான் பார்த்த பெரிய ஆபத்து இதுதான். அதனால் நீ ஒரு காரியம் செய். இப்போதே, எல்லாரும் அமைதியாக இருக்கும்போதே, எது வந்தால் போகமாட்டோம், எது வந்தால் திரும்பிவிடுவோம் என்று ஒரு தாளில் எழுது. ஆரஞ்சு, சிவப்பு அறிவிப்பு இருந்தால் போவதில்லை. மாலை இருட்டுவதற்குள் மலை ஏறி முடிக்க முடியாவிட்டால் ஏறுவதில்லை. பாதையில் கல்லோ மண்ணோ சரிந்து கிடந்தால் திரும்புவது. இடி கேட்டால் எல்லாரும் கட்டடத்துக்குள் போவது. பாட்டி "எனக்கு முடியல" என்றால் கேள்வி கேட்காமல் அறைக்கு மாறுவது. அடியில் முதல் கையெழுத்து உன்னுடையதாக இருக்கட்டும், அடுத்தது அப்பாவுடையது. பிறகு அவர் திரும்புகிறேன் என்றால், உன் ஆசையைக் கெடுத்தவர் ஆகமாட்டார். உன் கையெழுத்துக்கு மரியாதை கொடுத்தவர் ஆவார்.

போக முடியாமல் போனால் பிறந்தநாள் போச்சே என்று அழாதே. உனக்கு ஏற்கனவே இரண்டு பிறந்தநாள் உண்டு. பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தேதி ஒன்று, பாட்டி கோயிலில் அர்ச்சனை செய்யும் நட்சத்திரம் ஒன்று. இரண்டும் ஒரே நாளில் விழுவது அபூர்வம். ஒன்றை மழை அடித்துக்கொண்டு போனால் இன்னொன்று இருக்கிறது. அதுவும் நனைந்தால் பொங்கல் விடுமுறை இருக்கவே இருக்கிறது. அப்போது பருவமழை ஓய்ந்திருக்கும், குளிர் மட்டும் கூடுதலாக இருக்கும்.

இடி பற்றிக் கொஞ்சம். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்கு. மூன்று விநாடி கழித்து இடி கேட்டால் மின்னல் விழுந்த இடம் ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது விநாடிக்குள் கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, உள்ளே போக வேண்டிய நேரம். கூடாரம் "உள்ளே" ஆகாது. துணியும் கம்பியும் மின்னலைத் தடுக்காது. மரத்தடி அதைவிட மோசம். சிமென்ட் கட்டடம், அது இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றி மூடிய கார். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் வெளியே வர வேண்டும். உன் தம்பி எண்ணட்டும், அவனுக்கு ஒரு வேலை ஆயிற்று.

இடத்தைப் பற்றி: காட்டுக்குள் நாமாகப் போய் கூடாரம் அடிப்பது கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு, அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்றே அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. நீங்கள் பதிவு செய்யும் இடம் அனுமதி பெற்றதா, பக்கத்திலேயே ஓட்டு வீடோ தளம் போட்ட அறையோ ஒன்று நமக்கென்று கிடைக்குமா, கழிவறை எவ்வளவு தூரம் என்று அம்மாவை விட்டுப் போன் பண்ணிக் கேட்கச் சொல். அந்த அறை இல்லையென்றால் இடமே வேண்டாம். மழைக்காலத்தில் அறைதான் உண்மையான முகாம். கூடாரம் அதன் முற்றத்தில் நடக்கும் விளையாட்டு.

போய்ச் சேர்ந்ததும் மேடான இடமாகப் பார். நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் வெள்ளத்தை வெறுத்து மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டிப்போகும் இடையர்கள் வருவார்கள். கையில் கொள்ளியை வைத்துக்கொண்டும் கன்னம் நடுங்க நிற்பார்கள். அரசனின் பாசறையும் அந்தப் பாட்டிலேயே, அந்த வாடையிலேயேதான் இருக்கிறது. பெரிய வகுப்புக்குப் போனதும் உரையோடு படி. இப்போதைக்கு அந்த இடையர்களிடமிருந்து மேட்டையும், வாடை வீசும் திசையையும் மட்டும் எடுத்துக்கொள். இந்தப் பருவத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். கூடாரத்தின் வாசலைத் தென்மேற்குப் பார்த்து வை. காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி வேண்டாம்.

இப்போது கூடாரம். நான் கொடுத்தனுப்புவது இரண்டு அடுக்கு உள்ளது. உள்ளே சன்னமான துணி, அதன்மேல் மழையைத் தாங்கும் மேல்துணி. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஏன் தெரியுமா? நான்கு பேர் மூடிய துணிக்குள் இரவு முழுக்க மூச்சு விட்டால் அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த மேல்துணியின் உள்பக்கத்தில் முத்து முத்தாகப் படியும். காலையில் பார்த்துவிட்டு "ஒழுகுது" என்று கத்துவீர்கள். அது மழை இல்லை, உங்கள் மூச்சுதான். மேலே இருக்கும் சின்னக் காற்றுவழியை மழைக்குப் பயந்து அடைத்துவிட்டால் இது இரண்டு மடங்காகும். திறந்தே வை.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஒரு முறை அடித்துப் பார்த்துவிடு. தளத்தில் முளை இறங்காது. தண்ணீர் நிரப்பிய கேன்களில் கயிற்றைக் கட்டிக்கொள். தம்பியை டார்ச்சோடு உள்ளே படுக்கவைத்து ஜிப்பை இழுத்துவிடு. நீ வெளியே நின்று குடத்திலிருந்து மெதுவாக, தையல் ஓடும் வழியே ஊற்று. முதலில் உச்சி, அப்புறம் நான்கு மூலை, கடைசியில் வாசல் ஜிப். நடுத்துணியில் ஒழுகாது, ஒழுகினால் தையலில்தான் ஒழுகும். உள்ளேயிருந்து அவன் "இங்க, இங்க!" என்று தட்டும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடு. காய்ந்த பிறகு அந்தத் தையல்மேல் நீர் கசியாத பசை தடவினால் போதும், கடையில் கேட்டால் கொடுப்பார்கள். இந்த விளையாட்டில் அவன் நனைவான், நீயும் நனைவாய். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

அடிவிரிப்பின் ஓரம் மேல்துணிக்கு வெளியே ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும், மேலே விழும் மழையெல்லாம் அதன் வழியே உங்கள் முதுகுக்கடியில் வந்து சேரும். ஓரத்தை உள்ளே மடித்து விடு. நனைந்தால் துணி தளரும், அதனால் படுக்கப் போகும் முன் கயிறுகளை ஒரு சுற்று இழுத்துக் கட்ட வேண்டும்.

கூடாரத்துக்கு முன்னால் ஒரு தார்ப்பாய் கட்டாமல் மழைக்காலத்தில் முகாம் இல்லை. சமையல், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் அதன் கீழேதான். ஆனால் பந்தல் மாதிரி மட்டமாகக் கட்டாதே. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். மூன்றுக்கு மூன்று மீட்டர் தார்ப்பாய் என்றால் ஒன்பது சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழை, அதாவது அரை மணி நேரம் வேகமாக ஓர் அடி, அதில் தொண்ணூறு லிட்டர். தொண்ணூறு கிலோ! உன் பெரியப்பா ஏறி உட்கார்ந்த மாதிரி நடுவில் தொங்கும், பிறகு கயிறு அறுந்து மொத்தமும் கேசரியில் இறங்கும். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் இடுப்பளவுக்கும் சரித்துக் கட்டு. தாழ்ந்த ஓரத்தில் ஒரு வாளி வைத்தால் கை கழுவ, பாத்திரம் கழுவத் தண்ணீர் தானே வந்து விழும்.

குளிர். வேலூரைவிட ஏலகிரி ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. அதோடு நனைந்த உடம்பில் காற்றும் பட்டால் பல் கிட்டிக்கும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் காயவே காயாது. ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, "ராத்திரிக்கு மட்டும்" என்று எழுதி வை. எவ்வளவு நனைந்தாலும் படுக்கும் வரை அதைத் தொடக் கூடாது. மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம். சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். பாய், அதன்மேல் கம்பளி, அதன்மேல் நீ. ஏலகிரிப் பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். பேகன் பெயர் வரும்போது காரில் எல்லாரையும் கேள், போர்வையை எடுத்து வைத்தோமா என்று. மயிலுக்கே கொடுத்தவன் ஆயிற்றே. மறந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், மேலே கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

பாட்டியைக் கூடாரத்தில் படுக்கவைக்காதே. "எனக்கென்ன வயசாயிடுச்சா" என்று சண்டைக்கு வருவாள், அவள் என் அம்மா, எனக்குத் தெரியும். "அறையில் கேசரிச் சாமானை எறும்பு தூக்கிட்டுப் போகாம நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல். போய்விடுவாள்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்வது. அடுப்பு எதுவானாலும், எவ்வளவு மழை பெய்தாலும், கூடாரத்துக்குள் வரக் கூடாது. கேஸ் அடுப்பு வேண்டாம், கரி அடுப்பு அதைவிட வேண்டாம், குளிருக்குக் கணப்பு என்று சட்டியில் தணலை அள்ளி வைப்பதும் வேண்டாம். துணி பற்றிக்கொள்ளும் என்பது பாதிக் காரணம்தான். மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, புகையும் தெரியாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அதோடு சரி. மலை ஊர்களில் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்று செய்தித்தாளில் வருகிறதே, அது இதனால்தான். இந்த ஒன்றில் அப்பா, அம்மா, யார் விதிவிலக்கு கேட்டாலும் நீ விடாதே. பிறந்தநாள்காரி சொன்னால் அன்று ஒரு நாள் கேட்பார்கள்.

கேக்கை ஊரிலிருந்து கொண்டு போகாதே. பதினான்கு வளைவு ஏறிய கிரீம் கேக் பெட்டி மூடியில்தான் ஒட்டியிருக்கும். வீட்டிலேயே ரவையை நெய்யில் வாசம் வர வறுத்து, ஆறியதும் ஒரு டப்பாவில் போட்டுக்கொள். முந்திரி, திராட்சை, ஏலக்காய் தனிப் பொட்டலம். ஒரு டம்ளர் ரவைக்கு ஒன்றரை டம்ளர் சர்க்கரை, இரண்டரை டம்ளர் தண்ணீர். தார்ப்பாயின் கீழே தண்ணீர் கொதித்ததும் ரவையைக் கொட்டிக் கிளறினால் பத்து நிமிடத்தில் கேசரி. தட்டில் தட்டி, கத்தியால் வெட்டு. ஈர விறகை நம்பிப் போகாதே; அதன் சூட்டில் ஒரு பங்கு தன் ஈரத்தைக் காய்ச்சவே போய்விடும். மெழுகுவத்தியும் அந்தக் காற்றில் நிற்காது. கார்த்திகைதானே, வீட்டில் அகல் இருக்கும். ஒரு வாளியைச் சாய்த்துப் படுக்கவைத்து, வாய்ப்பக்கம் காற்றுக்கு மறைவாக இருக்கும்படி திருப்பி, அதற்குள் அகலை ஏற்று. பாட்டி விளக்கை ஊதி அணைக்க விடமாட்டாள். அதை நீ அவளோடு பேசித் தீர்த்துக்கொள்.

தார்ப்பாயின் கீழ் மழை பலமாக அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. பாட்டும் அந்தாக்ஷரியும் அப்போது எடுபடாது. அந்த நேரத்துக்குச் சீட்டுக்கட்டு, தாயம், பல்லாங்குழி. மழை விட்டதும் தவளைகள் தொடங்கும் முன் ஓர் இடைவெளி கிடைக்கும், கதைக்கு அதுதான் நேரம். நீ பிறந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேள். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். அம்மா சொல்லும்போது அப்பா குறுக்கே பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவை.

உனக்கு நான் வைத்திருக்கும் பரிசு ஒரு ஸ்கேலும் ஒரு கண்ணாடி டம்ளரும். சிரிக்காதே. டம்ளர் அடி தட்டையானது, பக்கங்கள் நேரானது. இரவு 8.30 மணிக்கு, மரத்துக்கும் தார்ப்பாய்க்கும் தள்ளி, திறந்தவெளியில் கல் முட்டுக்கொடுத்து அதை வை. வானிலை ஆய்வு மையம் ஒரு நாள் மழையைக் காலை 8.30 மணிக்குத்தான் கணக்கெடுக்கிறது. நீயும் காலை அதே மணிக்கு ஸ்கேலை நிறுத்தி எத்தனை மில்லிமீட்டர் என்று பார். டம்ளரின் வாய் அகலமோ குறுகலோ, பக்கம் நேராக இருந்தால் உயரம் ஒன்றுதான் வரும். அதை நோட்டில் தேதியோடு எழுது. சொட்டு மழை இல்லாவிட்டால் பூஜ்யம் என்று எழுது, அதுவும் கணக்குதான்.

கடைசியாக, கூடாரத்தை அங்கே ஈரமாகத்தான் சுருட்ட வேண்டியிருக்கும், பரவாயில்லை. வீட்டுக்கு வந்த அன்றே பிரித்து, மாடியிலோ கூடத்தில் நாற்காலிகள்மேலோ விரித்து, மின்விசிறியைப் போட்டுவிடு. மடிப்பில் ஈரம் இருந்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்து நாறும், நாளடைவில் மேல்பூச்சும் உரியும். முளைகளில் ஒட்டிய செம்மண்ணைக் கழுவி எண்ணிப் பையில் போடு. மொத்தம் பதினாறு இருக்கிறது. பதினைந்தோடு வந்தால் உன் தம்பியின் கால்சட்டைப் பையைத் தேடிப் பார்த்துவிட்டு எனக்குத் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
மாமா